கிராக் இல்லாமல் கற்கலாம்: இலவச மென்பொருள், சோதனைப் பதிப்பு, இணைய வினோதங்கள் – முழுமையான வழிகாட்டி

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிறுத்தம் கவரைப்பேட்டை. இங்கே இறங்குபவர்களில் ஒரு சாரார், 1995இல் தொடங்கிய ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரிக்கும் அதையொட்டிய கல்லூரிகளுக்கும் போகும் மாணவர்கள். அதே ரயிலில் தொடர்ந்து போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள்: உருக்காலை, வார்ப்படச் சாலை, உதிரிபாகத் தொழிற்சாலை என்று பல இடங்கள். இருவருமே கற்க விரும்புவது ஏறக்குறைய ஒன்றுதான். கேட் வரைபடம், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி, சிஎன்சி, கொஞ்சம் புரோகிராமிங். இருவர் கையிலும் பெரும்பாலும் வந்து சேர்வதும் ஒன்றுதான். நண்பன் பென் டிரைவில் கொடுத்த கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி.

“லட்சக்கணக்கில் விலை, வேறு வழியில்லை” என்பார்கள். வழி இருக்கிறது. நேர்மையான வழி, காசு கேட்காத வழி. அதைப் பக்கத்தில் இருக்கும் யாரும் சொல்லித் தராததுதான் குறை. கணினியில் ஆர்வம் உள்ள, ஆனால் இப்போதுதான் தொடங்குகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வகை இலவசம் என்று பாருங்கள்

எதையும் தரவிறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு விடை வெளிப்படையாக இருக்கிறது. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பயனர்கள் சேர்ந்து ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள். அன்றிலிருந்து அது எல்லோருக்கும் சொந்தம். நன்கொடையில் வளர்கிறது. இது முதல் வகை: கட்டற்ற மென்பொருள். இதற்குக் காலக்கெடு கிடையாது. வீட்டிலும் பயன்படுத்தலாம், தொழிற்சாலையிலும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, மாணவர் பதிப்பு. இன்று இதில் பழகியவர் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இதையே வாங்கச் சொல்வார் என்று நிறுவனம் கணக்குப் போடுகிறது. மூன்றாவது, நாள் கணக்குள்ள சோதனைப் பதிப்பு. கெடு முடிந்ததும் நீங்கள் பணம் கட்டுவீர்கள் என்பது அதன் எதிர்பார்ப்பு. இந்த மூன்றிலும் கேள்விக்கு விடை கிடைக்கிறது. விடையே கிடைக்காதது நான்காவது வகை. அதுதான் கிராக்கும், “லைஃப்டைம் பிரீமியம்” என்று டெலிகிராமில் சுற்றும் கோப்பும்.

படி 2: வீட்டில் கிடக்கும் லேப்டாப்பை எழுப்புங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான், காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கணினிகளில் பல இன்னும் பரணில் தூங்குகின்றன. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பெரும்பாலானோர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எனவே கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற இதுவே சரியான நேரம். வேறொரு கணினியில் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவியைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு அந்த பென் டிரைவிலிருந்தே பழைய கணினியை இயக்குங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் ஓடும். வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். 2 ஜிபி ராம் உள்ள கணினிக்கு லுபுண்டு, ஆன்டிக்ஸ் போன்ற இலகுவானவை பொருந்தும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான்.

படி 3: வேலைக்கு ஏற்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எந்திரவியல் படிப்பவருக்கு ஃப்ரீகேட். பல ஆண்டுகள் வளர்ந்து 2024 நவம்பரில்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது. சிஎன்சிக்கான கருவிப்பாதை அமைக்கும் பகுதி உள்ளேயே உண்டு. வெறும் இருபரிமாண வரைபடத்துக்கு லிப்ரேகேட் போதும். சர்க்யூட் போர்டு வரைய கைகேட். 1992இல் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் தொடங்கியது, இன்று நிறுவனங்களே நம்பிப் பயன்படுத்துகின்றன. மேட்லேப் வேண்டிய இடத்தில் சைலேப் அல்லது ஆக்டேவ். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ், படத்துக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப்.

பிஎல்சி கற்பவர்களுக்குக் கோடெசிஸ் உருவாக்கச் சூழல் இலவசம். பிஎல்சி பெட்டி வாங்காமல், கணினியிலேயே சிமுலேஷனில் லேடர் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். ஷிப்ட் முடிந்து வந்து அறையில் உட்கார்ந்து மோட்டார் ஸ்டார்ட்டர், கன்வேயர் லாஜிக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகியவர், இயந்திரத்தின் முன் நிற்கும்போது தடுமாற மாட்டார்.

கற்றுத்தர ஆளில்லையே என்பவர்களுக்கு: ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியுடோரியல் தளத்தில் லிப்ரே ஆபிஸ், சைலேப், லினக்ஸ் போன்றவற்றுக்குச் சுமார் 10 நிமிடப் பாடங்கள் தமிழ் ஒலியிலேயே உள்ளன. பக்கத்திலேயே மென்பொருளைத் திறந்து வைத்து, பாடத்தை நிறுத்தி நிறுத்தி நீங்களும் செய்து பாருங்கள். என்பிடெல் வகுப்புகளைக் கேட்கக் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. அவர்களின் மின்னூல்களும் இலவசம்.

படி 4: அடையாள அட்டை செல்லும்போதே பயன்படுத்துங்கள்

கல்லூரி மின்னஞ்சல் அல்லது அடையாள அட்டை இருந்தால் கிட்ஹப் மாணவர் தொகுப்புக்கு விண்ணப்பியுங்கள். டிப்ளமோ மாணவர்களுக்கும் உண்டு. பல நிறுவனங்களின் கட்டணச் சேவைகள் அதில் ஒன்றாக வருகின்றன. ஆட்டோடெஸ்க் கல்வி உரிமம் ஓராண்டுக்குக் கிடைக்கும், படிக்கும்வரை புதுப்பிக்கலாம். புரோகிராமிங் கருவிகள் தரும் ஜெட்பிரெயின்ஸும் அப்படியே. மைக்ரோசாஃப்டின் அஷூர் மாணவர் கணக்கு 100 டாலர் மதிப்புள்ள கிளவுட் பயன்பாட்டைத் தருகிறது, கார்டு எண் கேட்பதில்லை. கிளவுட் பழக நினைப்பவர் இங்கே தொடங்குவது பாதுகாப்பு.

ஒரு எல்லையை மீறாதீர்கள். மாணவர் உரிமத்தில் தொழிற்சாலைக்குக் கூலி வரைபடம் போடக் கூடாது. ஒரு காலத்தில் மாணவர் ஆட்டோகேடில் வரைந்ததை அச்சிட்டால் ஓரத்தில் கல்விப் பதிப்பு என்று முத்திரை விழும். இப்போது விழுவதில்லை, ஆனால் ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. கூலிக்கு வரைகிறவர் படி 3க்குத் திரும்புங்கள்.

படி 5: சோதனைப் பதிப்பைத் திட்டமிட்டு எடுங்கள்

பெரும்பாலானோர் பணத்தையும் நாளையும் இழப்பது இங்கேதான். ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள்.

சீமென்ஸின் பிஎல்சி மென்பொருளான டிஐஏ போர்ட்டலின் சோதனை உரிமம் 21 நாள். ஆர்வத்தில் இன்றே நிறுவிவிட்டு, அடுத்த வாரம் தேர்வு, அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்றானால் எதுவும் கற்காமலேயே கெடு முடியும். முதலில் கையேட்டைத் தரவிறக்குங்கள். யூடியூபில் முழுப் பாடத்தையும் ஒருமுறை பாருங்கள். என்னென்ன பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். பல ஜிபி கோப்பு என்பதால் தினசரி டேட்டாவில் இறங்காது, கல்லூரி வைஃபையில் இறக்கி வையுங்கள். விடுமுறை தொடங்கும் நாளில் நிறுவுங்கள்.

கார்டு அல்லது யூபிஐ கேட்கும் சோதனை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இப்போது பல செயலிகள் 1 ரூபாய், 2 ரூபாய் மட்டும் என்று யூபிஐயில் பின் போடச் சொல்கின்றன. நீங்கள் அப்போது ஒப்புக்கொள்வது 2 ரூபாய்க்கு மட்டுமில்லை, மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே அனுமதிக்கும்தான். பின் போடும் திரையில் அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கும். படித்த பிறகே பின் போடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் தேவை. அந்த எஸ்எம்எஸ் வந்தால் ஒதுக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அதுவே கடைசி வாய்ப்பு.

செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல் மற்றும் சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். யூபிஐ என்றால் உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டு, ரத்தானதற்கான திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். கெடு முடிய இரண்டு நாள் முன்பே அலாரம் வைப்பது நல்லது.

ஏஐ சேவைகளுக்கும் இதே கவனம் வேண்டும். 2025 நவம்பர் 4 முதல் இந்தியாவில் சாட்ஜிபிடி கோ ஓராண்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஜியோ ஜெமினியையும் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியையும் வாடிக்கையாளர்களுக்கு வழங்கின. இப்படி எடுத்தவர்கள், எடுத்த தேதியைப் பார்த்து, பணம் கட்டும் விவரம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்து செய்வதையே கடினமாக்குவது எங்கும் உள்ள பழக்கம். ஆண்டுத் திட்டத்தை இடையில் நிறுத்தினால் விதிக்கும் கட்டணத்தை மறைத்ததாக அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிமுறைகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

படி 6: கிராக்கை ஏன் தொடக் கூடாது

விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் போலிகளில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததை 2021இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டார்கள். அது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ வாலட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகும். கிராக் நிறுவும்போது “ஆன்டிவைரஸை அணைத்துவிடு” என்று குறிப்பு இருக்கும். அந்த ஒரு வரியே போதும், விலகிவிடுங்கள்.

சட்டமும் கடுமை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சின்னப் பட்டறை உரிமையாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எந்தக் கோப்பின் மீது சந்தேகம் வந்தாலும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதியுங்கள். பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் ஆதார், வங்கி ஆவணம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றும் கோப்புகள் ஆய்வு நிறுவனங்களோடு பகிரப்படும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

படி 7: வினோதங்களையும் பாருங்கள்

கற்றுக் களைப்பாகும்போது இணையத்தின் விசித்திர மூலைகளுக்குப் போகலாம். இதை நேர விரயம் என்று நான் கருதவில்லை. கணினி மேல் காதல் வருவது இங்கேதான்.

கோப்புகளைச் சுருக்கும் வின்ராரின் சோதனைக் காலம் 40 நாள். அதற்குப் பிறகும் வாங்கச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு வேலை செய்துகொண்டே இருக்கும். மனது உறுத்துகிறவர்களுக்கு 7-ஜிப் முழு இலவசம். 1996இல் வந்த ஸ்பேஸ் ஜாம் படத்தின் தளம் அன்றிருந்தபடியே இன்னும் பார்க்கக் கிடைக்கிறது. 2005இல் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இளைஞர் பத்து லட்சம் பிக்சலை ஒன்று ஒரு டாலர் என்று விற்ற பக்கமும் உண்டு. ரேடியோ கார்டனில் பூமிப்பந்தைச் சுழற்றி எந்த ஊர் வானொலியையும் கேட்கலாம். ரயிலில் சிக்னல் போய்விட்டால் குரோமின் டைனோசர் விளையாட்டு இருக்கிறது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தனி உலகம். பழைய டாஸ் விளையாட்டுகள் பிரவுசரிலேயே ஓடும். அங்கே பழைய தமிழ்த் தளங்களைத் தேடிப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்திய பக்கங்கள் பல, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்தக் குவியலை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரில் சரியான எழுத்துமுறையைத் தேர்ந்து போட்டால், தமிழ் படிக்கும் நிலைக்கு வந்துவிடும். எழுத்துக் குறியாக்கம் என்றால் என்ன என்பதை இந்த ஒரு பயிற்சி புரியவைக்கும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய இலக்கியங்கள் அங்கே இன்றும் இலவசம்.

அந்தத் தன்னார்வலர்களைப் போலவே, நீங்களும் தெரிந்துகொண்டதைக் கொடுங்கள். ஃப்ரீகேட் பழகியவர் ஐடிஐ படிக்கும் தம்பிக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். சிப்காட்டில் மேற்பார்வையில் இருப்பவர்கள், கிராக் போட்ட கணினியில் பயிற்சியாளர்களை உட்காரவைக்காதீர்கள். இறுதியாண்டு மாணவர்கள் மாணவர் உரிமங்களுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு அந்தக் கதவு திறக்காது.