சிவப்பாகத் தெரிவதெல்லாம் குழந்தை நட்சத்திரமா?

ஜனவரி இரவு பத்து மணி வாக்கில், தெற்கே மறைப்பில்லாத இருட்டான கடற்கரை கிடைத்தால் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். மங்கலான மேகத்துண்டு மாதிரி ஒன்று தெரியும். அதுதான் பெரிய மெகல்லன் மேகம். பெயர்தான் மேகம், உண்மையில் சுமார் 160,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலம்.

அதற்குள் டராண்டுலா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்துவிடும். அது மறுபடி அணுவோடு சேரும்போது சிவப்பு ஒளி வரும். ஆனால் இப்படி மேகத்தை ஒளிர வைப்பவை ஏற்கெனவே பிறந்துவிட்டவை. இப்போதுதான் உருவாகும் நட்சத்திரங்கள் தூசிக்குள் ஒளிந்திருக்கின்றன.

“நம்ம பால்வீதியிலேயே தேடலாமே?” என்று கேட்கலாம். தேடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டின் முகப்பைப் பார்க்க முடியாதில்லையா? நாம் பால்வீதிக்குள் இருப்பதால் தூசி மறைக்கும், தூரம் கணிப்பதும் சிரமம். மெகல்லன் மேகத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒரே தூரம். அதனால் ஒளியை நேரடியாக ஒப்பிடலாம்.

எப்படித் தேடுவது? நான் பொறியியல் படிக்கிறேன். சர்க்கியூட் போர்டில் எந்தப் பாகம் சூடாகுதுன்னு கண்ணால் பார்த்தால் தெரியாது; வெப்பக் கேமரா காட்டிவிடும். அதே வழிதான் இங்கேயும். குழந்தை நட்சத்திரம் தன்னைச் சுற்றிய தூசியைச் சூடாக்கும். தூசி அகச்சிவப்பு ஒளி விடும். 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி அதைத்தான் தேடியது.

இங்கேதான் சிக்கல். தூசி போர்த்திய முதிய நட்சத்திரமும், வெகுதூர விண்மீன் மண்டலமும்கூட அகச்சிவப்புப் படத்தில் அதே நிறப்புள்ளியாகத் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். அதில் உறைந்த கார்பன் டைஆக்சைடின் தடம் இருந்தால், குளிர்ந்த அடர்மேகத்தில் வளரும் இளம் நட்சத்திரம் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டராண்டுலாவைப் பார்த்தபோது இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. தன்னைச் சுற்றியுள்ள தூசியை விலக்கத் தொடங்கிவிட்டதாக நினைத்திருந்த ஒரு நட்சத்திரம், இன்னும் தூசிப் போர்வைக்குள்ளேயே இருப்பதை நிறமாலை காட்டியது. வயசுக் கணக்கே மாறிப்போச்சு!

உங்களுக்கு ஒரு பயிற்சி: ஹபிள் எடுத்த டராண்டுலா படத்தையும் வெப் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் இல்லாத புள்ளிகள் இரண்டாவதில் எத்தனை? எண்ணுங்கள். ஆனால் எல்லாமே குழந்தைன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க!