நெல் தரிசு உளுந்தும் நமது வியாபாரமும்

உளுந்து மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்கும்போது பருமன், நிறம், ஈரம், வண்டு ஆகியவற்றைக் கவனிக்கிறோம். அந்தப் பயிர் மண்ணுக்கு என்ன செய்துவிட்டு நம் கடைக்கு வந்தது என்பதையும் நமது உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலில் நெல். தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. அந்நிலையில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்து பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் விவசாயிகள் சொல்லும் முறையில் தண்ணீர் விட்டால் இது கணிசமாகக் குறையும். அடுத்தது யூரியா. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 21 கிலோதான். அதிலும் பெரும்பகுதி நெல்லுக்குச் சேராமல் தண்ணீரிலும் காற்றிலும் போகிறது. அப்படிப் போவதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதற்காக அரிசியை விட்டுவிட முடியுமா? முடியாது.

இங்குதான் உளுந்து வருகிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்து விடுவார்கள். உழவு இல்லை, தனியே பாசனம் இல்லை. பனியும் மிச்ச ஈரமும் போதும். ஆடுதுறை 3 என்ற ரகம் இதற்கென்றே பெயர் பெற்றது. 70, 75 நாளில் கைக்கு வந்துவிடும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வேரோடு பிடுங்காமல் அறுத்தால் அந்த முடிச்சுகள் மண்ணிலேயே தங்கும்.

இவ்வளவு நல்ல பயிர் ஏன் பல வயல்களில் இல்லை? அறுவடை இயந்திரம் ஒரு முக்கிய காரணம். முளைத்த செடி சக்கரத்தில் நசுங்குகிறது, விட்டுப்போன வைக்கோல் மூடிக்கொள்கிறது. கூலி ஆள் கிடைக்காத காலத்தில் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. பருவம் தவறிப் பெய்யும் மழையும், வரத்துக் காலத்து விலைச் சரிவும் மற்ற காரணங்கள். நாடு பர்மாவிலிருந்து உளுந்து இறக்குமதி செய்வது நமக்குத் தெரிந்ததே.

விலைச் சரிவில் மட்டும் நம் கையிலும் சிறிது இருக்கிறது. உள்ளூர்ச் சரக்கைப் பழைய சரக்கோடு கலக்காமல் தனி லாட்டாக வைத்து, நிறம், ஈரம் பார்த்து உரிய விலை கொடுத்து, அன்றே பணத்தைத் தீர்த்தால், தை மாதம் விதை தெளிக்கும்போது விவசாயிக்கு நம்பிக்கை வரும். வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு நம் கிட்டங்கிக்கு வந்து பெருகுவது. ஆகவே நன்கு காயாத சரக்கை அடுக்காதீர்கள். அதிக நாள் வைக்க வேண்டியதைப் பருப்பாக உடைத்து வைத்தால் வண்டுத் தொல்லை குறைவு. முழு உளுந்தைத்தான் அது அதிகம் நாடும்.