ஆட்சி மாறினால் ஆபத்து தீர்ந்ததா?

கேள்வி: சிரியாவில்தான் அசாத் போய்விட்டாரே, ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு நிற்கும் சிரியர்களைத் திருப்பி அனுப்பினால் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எந்தச் சிரியரை, எந்த ஊருக்கு? 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி கவிழ்ந்தது. மறுநாளே ஜெர்மனி உட்படப் பல நாடுகள் சிரியர்களின் தஞ்ச மனுக்களைக் கிடப்பில் போட்டன. அவ்வளவு அவசரம்! அசாத்தின் உளவுத்துறைக்கு அஞ்சி ஓடிய டமாஸ்கஸ்காரருக்குப் பழைய பயம் இன்று இல்லைதான். ஆனால் 2025 மார்ச்சில் லட்டாக்கியா, டார்டூஸ் கடலோரத்தில் அலவி சிறுபான்மை மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் ஸ்வெய்தாவில் ட்ரூஸ் சிறுபான்மை மக்களுக்கு அதே கதி. அவர்களிடம் போய் 'ஆட்சி மாறிவிட்டது' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

டென்மார்க் 2019-லேயே, அசாத் இருக்கும்போதே, டமாஸ்கஸ் பகுதி பாதுகாப்பானது என்று முடிவுகட்டிப் பிறகு பலரின் வசிப்பு அனுமதியைப் பறித்தது. அசாத் அரசோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்பதால் அவர்களை விமானத்தில் ஏற்றவும் முடியவில்லை. முகாம்களில் முடக்கி வைத்தது. 2021-ல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல், சிரியாவுக்குத் திரும்பிய 66 பேருக்கு நேர்ந்த கொடுமைகளைப் பதிவு செய்தது. சிறை, சித்திரவதை, பாலியல் வன்கொடுமை. அவர்களில் குழந்தைகளும் உண்டு. சண்டை ஓய்ந்த ஊர்களிலும் இவை நடந்தன.

அண்டை நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் தாமாகவே திரும்பியிருப்பது உண்மை. விரும்பிப் போகிறவரை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பத் தடை விதிக்கிறது. ஒவ்வொருவரின் மனுவையும் தனித்தனியே விசாரிக்காமல் மொத்தமாக அனுப்புவது தவறு என்பதே என் கருத்து.