தையலில் சீழ் பிடிக்காமல் இருக்க...

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. தொப்புள் குடலிறக்கத்துக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். முட்டை, பருப்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்கும், மூன்று மாதம் பத்தியம் இருக்கணும் என்கிறார் அத்தை. வயிற்றை முதல்நாளே வீட்டில் ஷேவ் செய்துவிடலாமா?
- ஒரு வாசகர், அனந்தபுரம், செஞ்சி

பதில்: அத்தையின் அக்கறை பெரிது, பத்தியம்தான் தப்பு. சீழுக்குக் காரணம் கிருமி. பெரும்பாலும் அது நோயாளியின் தோலிலோ குடலிலோ ஏற்கெனவே இருப்பது. அறுத்த இடம் கூடுவதற்குப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியும் ரசம் சாதமுமாகக் கொடுத்தால் புண் ஆறத் தாமதமாகும், சர்க்கரையும் ஏறும். சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள். உங்கள் பக்கத்து மல்லாட்டையை வேகவைத்தும் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷேவ் வேண்டவே வேண்டாம். பிளேடு பட்ட நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆகவேண்டுமென்றால் மெஷினால் கத்தரிக்கலாம், மழிக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும். ஆன்டிபயாடிக் ஊசி, கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் போடப்பட வேண்டியது. தொற்று இல்லாதபோது அதன்பின் நாள்கணக்கில் மாத்திரை கேட்டு வாங்குவதில் பயனில்லை.

உங்கள் கையில் இருக்கும் பெரிய வேலை சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. அது அதிகமாக இருந்து டாக்டர் தேதியைத் தள்ளிவைத்தால் சண்டை போடாதீர்கள். நல்ல டாக்டர் என்று அர்த்தம். ஆனால் தொப்புள் வீக்கம் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மீதி ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்கள் பொறுப்பு. இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2022-ல் லான்செட் இதழில் வந்தது. வயிற்றை மூடும்முன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றியதால் மட்டுமே தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. பெரிய செலவில்லாத காரியம், எல்லா ஊரிலும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்தபின் காயத்தில் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். கட்டைத் தொடுமுன் கை கழுவுங்கள். முதல் 30 நாள் கவனம் தேவை. வலை (மெஷ்) வைத்துத் தைத்திருந்தால் அதற்குப் பிறகும் தொற்று வரலாம். சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். செஞ்சியோ முண்டியம்பாக்கமோ, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே அன்றே அழைத்துப் போங்கள்.