முதல் ரெய்டரை எடுக்கும் முன்

அன்பு மருமகனுக்கு,

பெரம்பலூர் விடுதியில் நண்பர்கள் சேர்ந்து புரோ கபடிக்குக் கற்பனை அணி கட்டுவதாகவும், சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு உனக்கே விழுந்ததாகவும் எழுதியிருந்தாய். யாரை எடுப்பது என்று கேட்கிறாய். பெயர் சொல்ல மாட்டேன். ரெய்டரை எப்படி எடைபோடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

ஏலத் தொகையைப் பார்த்து மயங்காதே. 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் ரெய்டு புள்ளியில் அவர்தான் முதலிடம். முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, இடைவேளைக்கு முன்பே முழங்கால் போய்விட்டது. அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவில்லை. பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் நரேந்தர். சின்னத் தொகைக்கு வந்த புதுப் பையன். 243 ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அதற்காகப் பவனை எடுத்தது தவறென்று சொல்ல வரவில்லை. ஏழு பேர் காலையும் இடுப்பையும் பிடித்து இழுக்கும் ஆட்டத்தில் அதிகம் அடிபடுபவன் அடிக்கடி உள்ளே போகிறவன்தான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் ரன்னிங் பேக்குக்கும் இதே கதி. 2024-ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியைத்தான் முதல் வாய்ப்பு கிடைத்த கற்பனை அணிக்காரர்களில் பெரும்பாலோர் எடுத்தார்கள். அவர் ஆடியது நான்கே ஆட்டம். அவருக்குப் பதிலாக ஓடிய ஜோர்டன் மேசனைக் கடைசிச் சுற்றில் எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். நீயும் முதல் சுற்றில் யாரை எடுத்தாலும், அதே அணியின் இரண்டாவது ரெய்டரைக் கடைசிச் சுற்றுகளில் வாங்கி வை.

அடுத்தது, ஆளின் திறமையைவிட அவன் எத்தனை முறை பாடிப் போகிறான் என்பதைப் பார். பிடிபட்ட ரெய்டர் வெளியே உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால்தான் உள்ளே வர முடியும். ஆகவே கார்னரில் நிற்பவர்கள் நன்றாகப் பிடிக்கும் அணியில் ரெய்டருக்கு வாய்ப்பு கூடும். புள்ளி எடுத்தே ஆகவேண்டிய டூ-ஆர்-டை ரெய்டுக்கு யாரை அனுப்புகிறார்கள் என்று கவனி. பொங்கலுக்கு அரியலூர்ப் பக்கம் ஊர்க் கபடி பார்க்கும்போதும், கடைசி இரண்டு நிமிடத்தில் கேப்டன் யார் முகத்தைப் பார்க்கிறார் என்பதைப் பார்த்தால் போதும். அந்த அணி எவனை நம்புகிறது என்பது தெரிந்துவிடும்.

தோற்கும் அணி என்று யாரையும் ஒதுக்காதே. பவன் அடிபட்டதற்கு அடுத்த சீசனில் தெலுங்கு டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டுதான் வென்றது. ஆனாலும் அங்கே ஆடிய அதே பவன் 200 ரெய்டு புள்ளியைத் தாண்டினார். அணிக்குத் துயரம்தான், உன் கணக்கில் அது புள்ளி.

ரெய்டர்களையே அள்ளலாமா என்பது உங்கள் புள்ளிக் கணக்கைப் பொறுத்தது. 2022-ல் முதலிடம் பிடித்த அர்ஜுன் தேஷ்வாலுக்கு 296 ரெய்டு புள்ளி. பிடிப்பதில் முதலிடம் பிடித்த அங்குஷுக்கு 89. தொடுவதற்கும் பிடிப்பதற்கும் ஒரே மதிப்பு என்றால் முதல் இரண்டு சுற்றிலும் ரெய்டரையே எடு. பிடிக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால் நல்ல கார்னர் ஒருவரை இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிடு. எடுக்க உட்காருவதற்கு முன்பே இதைப் பேசி நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பந்தயப் பணம் மட்டும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. விடுதி அறையில்தானே என்று நண்பர்கள் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. அம்மா அனுப்பும் காசு சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும்தான். நோட்டும் பேனாவும் இருந்தால் இந்த ஆட்டம் சீசன் முழுக்க ஓடும்.

அன்புடன்,
மாமா