தீப்பொறியின் நேரமும் இயந்திரத்தின் ஆயுளும்

புக்கிட் செந்தோசாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் பழைய கஞ்சில் வண்டியை வாங்கி, அதன் இயந்திரத்தை மாற்றியமைத்து ஓட்டும் ஆர்வம் இளைஞர்கள் சிலரிடையே காணப்படுகிறது. அவ்வண்டி நம் வட்டாரத்திற்கு அயலானதன்று. ராவாங்கை அடுத்த சுங்கை சோவிலுள்ள பெரோடுவா தொழிற்சாலையிலிருந்து 1994ஆம் ஆண்டில் அது வெளிவந்தது; 2009இல் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர்களும் 659 சி.சி. கொள்ளளவும் கொண்ட அச்சிறு இயந்திரத்தில் வேகத்தைக் கூட்ட முனைவோர், பெரிய கார்புரேட்டரையும் டர்போவையும் நாடுகின்றனர். ஆனால் தீப்பொறி எழும் நேரத்தைச் சரிபார்க்க மறந்துவிடுகின்றனர். பல மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய இயந்திரம் சில நிமிடங்களில் பாழாவதற்கு இம்மறதி ஒன்றே போதும். எனவே, அந்நேரத்தின் இயல்பை இங்கே ஆராய்வோம்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகிறது. அப்போது ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்குகிறது. கலவை முழுவதும் ஒரே கணத்தில் பற்றிவிடுவதில்லை. தீ ஒரு முனையில் தொடங்கிப் பரவுகிறது. ஆகவே, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி எழ வேண்டும். எரிந்த வாயுவின் அழுத்தம், பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறக்குறைய 15 பாகை இறங்கும்போது மிகுதியாக இருக்குமானால், முழுப் பயனும் கிட்டும்.

பொறி முந்தினால், மேலேறும் பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். எரியாமல் எஞ்சிய கலவை வெப்பத்தால் தானே வெடிக்கும். உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அது நீடித்தால் பிஸ்டன் தலை உருகும், வளையங்கள் உடையும். பொறி பிந்தினாலோ, பிஸ்டன் இறங்கிய பின்னும் தீ எரிந்துகொண்டிருக்கும். விசை குறையும், எண்ணெய் வீணாகும், புகைபோக்கும் வால்வு மிகுதியாகச் சூடேறிக் கருகும்.

பால்மரம் சீவுவோருக்கு இது புதிய பாடமன்று. உளி ஆழம் குறைந்து சென்றால் பால் குறைகிறது. மிகுந்து சென்றால் மரத்தில் காயம் ஏற்பட்டுப் பட்டை கெடுகிறது. காயம் படாமல் நிறைந்த பால் தரும் ஆழத்தை அறிந்தவரே தேர்ந்த தொழிலாளி. இயந்திரத்திலும் அத்தகைய எல்லை ஒன்று உண்டு.

அவ்வெல்லை வேகத்திற்கேற்ப மாறுகிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 1,000 சுற்று சுழலும்போது, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 6 பாகை திரும்புகிறது. 6,000 சுற்றில் அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடுகிறது. வேகம் கூடும்போது தீயும் ஓரளவு விரைந்து பரவினாலும், பொறியை முன்கூட்டியே எழுப்புவது அவசியமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகள் இதனைச் செய்கின்றன. கார்புரேட்டரிலிருந்து வரும் வெற்றிடக் குழாய், எண்ணெய் மிதியை இலேசாக மிதிக்கும் நிலையில் மேலும் சில பாகைகளைச் சேர்க்கிறது. மிதியை முழுவதும் மிதித்தால் வெற்றிடம் மறைகிறது, அச்சேர்க்கையும் நீங்குகிறது. நிறைந்த கலவை விரைந்து எரிவதால் இதுவே முறையாகும்.

மாற்றியமைத்த இயந்திரத்தில் இக்கணக்கு மாறிவிடும். சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினாலும், டர்போ பொருத்தினாலும் வெடிப்போசை எளிதில் எழும். ஆகவே, பொறியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். ரோன் 95, ரோன் 97 என்னும் எண்கள் அவ்வெடிப்பைத் தாங்கும் ஆற்றலையே குறிக்கின்றன. உயர்ந்த எண்ணுள்ள எண்ணெயை ஊற்றிய மாத்திரத்தில் வேகம் கூடிவிடாது.

சரிசெய்யும் முறை இதுவாகும். முதலில் பிளக், வால்வு இடைவெளி, கலவையின் அளவு ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டும். முழு மிதியில் பெட்ரோல் குறைந்த கலவை கேடு விளைவிக்கும். அடுத்து இயந்திரத்தைச் சூடாக்கி, வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் விளக்கைக் கொண்டு தயாரிப்பாளர் குறித்த அளவைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, குறி எத்தனை பாகை நகர்ந்து நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழாயை மீண்டும் பொருத்த மறத்தல் கூடாது.

முழு மிதிச் சோதனையை விசை அளக்கும் உருளை மேடையுள்ள பட்டறையில், அனுபவமிக்கவர் முன்னிலையில் செய்வதே தகும். பிந்திய நிலையில் தொடங்கி, இரண்டிரண்டு பாகையாக முன்னேற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, 24இலிருந்து 26க்கும், 26இலிருந்து 28க்கும் விசை உயர்ந்து, 30இல் உயராமல் நின்றால், 28ஏ போதுமானது. அதற்கு மேல் செல்வதால் ஆதாயமில்லை. ஆபத்து மட்டுமே எஞ்சும். இடையில் தட்டும் ஓசை கேட்டால் அப்போதே மிதியை விட்டுவிட்டுப் பொறியைப் பின்னுக்குக் கொணர வேண்டும். சோதனைக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் நலம்; வெண்பீங்கானில் வெள்ளி நிறத் துகள்கள் ஒட்டியிருப்பின் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என அறிக.

இயந்திரத்தை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். திறனைக் காட்ட முறையான களங்கள் உள்ளன. சிப்பாங் பந்தயத் திடல் 1999இல் திறக்கப்பட்டது. நம் நாட்டு வீரர் கரம்ஜிட் சிங், முறையான போட்டிகளில் ஓட்டியே 2002இல் உற்பத்தி வாகனங்களுக்கான உலக ரேலி வாகைப் பட்டத்தை வென்றார்.

இத்தொழிலைக் கருத்தூன்றிக் கற்கும் இளைஞர், தம் வண்டியைக் காப்பதோடு பட்டறைத் தொழிலில் நல்ல வருவாயும் ஈட்டலாம். அளந்து பார்த்த பின்னரே திருகாணியைத் திருப்பும் பழக்கத்தை அவர்கள் தொடக்கத்திலேயே மேற்கொள்வார்களாக.