அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது?

பூட்டான், பின்லாந்து, ஜப்பானின் ஒக்கினாவா. மகிழ்ச்சிக்குப் பெயர்போன இந்த மூன்று இடங்களுக்கும் போய்வந்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் போனேன். ஆனால் அங்குள்ளவர்கள் நம்மைவிட அதிகம் சிரிப்பதாகத் தெரியவில்லை. பின்லாந்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேறொன்றுதான் கண்ணில் பட்டது. நாளில், வாரத்தில், மாதத்தில் ஏதோ ஒரு பொழுதை ஊரே சேர்ந்து காத்துவைத்திருக்கிறது. வேலையையும் அவசரத்தையும் அதற்குள் நுழைய விடுவதில்லை. வெளிநாடு போகிறவர்கள் கவனித்துவர வேண்டியது அந்தப் பொழுதைத்தான் என்று நினைக்கிறேன். கீழே உள்ளவை எல்லாம் அதற்காகத்தான்.

செய்யக்கூடாதவை

தரவரிசையைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை எட்டு முறை தொடர்ந்து பின்லாந்துதான் முதலிடம். அந்த இடம் எப்படி வருகிறது? 0 முதல் 10 வரை படிகள் கொண்ட ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை மேல்படி, மிக மோசமானது கீழ்ப்படி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரியை எடுத்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். யார் எவ்வளவு சிரித்தார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற எண்ணத்தையே உலகத்துக்குக் கொடுத்த பூட்டான், 2019இல் அதே வரிசையில் 95ஆவது இடத்தில் இருந்தது. அங்கே போனால் மகிழ்ச்சி அதிகம் கிடைக்கும், இங்கே போனால் குறைவாகக் கிடைக்கும் என்று அந்த எண்களிலிருந்து சொல்லிவிட முடியாது.

"ஒன்றும் இல்லாவிட்டாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள், பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். நானும் சொன்னவன்தான். பூட்டானின் பாரோவில் எங்களுக்கு வண்டி ஓட்டியவர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு தன் இரண்டு பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொன்னார். ஊரில் படித்த படிப்புக்கு வேலை இல்லை. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். சில ஆண்டுகளாகப் பூட்டானின் இளைஞர்கள் பெருமளவில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பூட்டான் அரசின் மகிழ்ச்சிக் கணக்கிலேயே வருமானமும் உடல்நலமும் படிப்பும் இருக்கின்றன. இல்லாமையில் மகிழ்ச்சி இருக்கிறது என்று அந்த நாடு ஒருநாளும் சொன்னதில்லை. அது அவர்கள் தலையில் நாம் ஏற்றி வைக்கும் பேச்சு.

எந்த நாட்டையும் கோயிலாக்கிக் கும்பிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பூட்டானின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த நேபாளி பேசும் மக்கள் லட்சம் பேர் அளவில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, நேபாளத்தின் அகதி முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2007க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் குடியேற்றப்பட்டார்கள். முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊரிடமிருந்து நல்லதைக் கற்றுக்கொள்ளும்போது அது செய்த அநியாயத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கற்றது உண்மையாக இருக்கும்.

ஆறு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்காதீர்கள். பூட்டானில் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய் கட்டணம். அந்தக் காசு மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் முதல் முறை ஒரு மணி நேரத்தைக்கூடச் சும்மா விடவில்லை. திம்பு, தோச்சுலா கணவாய், புனாகா, பாரோ என்று ஓடினோம். புனாகாவில் போ ஆறும் மோ ஆறும் சேருமிடத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மடம் நிற்கிறது. அதன் முன்னால் நாங்கள் இருந்தது நாற்பது நிமிடம். அதில் பாதிக்கு மேல் போட்டோவுக்கே போய்விட்டது. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது ஆற்றின் சத்தம் எப்படி இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் இரண்டாம் முறை போனேன். ஒரே ஊரில் ஐந்து நாள் இருந்தேன்.

கடன் வாங்கிப் போகாதீர்கள். மாதத் தவணை கட்டும்போது பயணத்தின் நல்ல நினைவுகூடக் கசக்கும்.

திரும்பி வந்து, "அங்கே எப்படித் தெரியுமா?" என்று வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். கூட வராத அம்மாவுக்கும் தம்பிக்கும் அது வலிக்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் சின்ன விஷயம்: பூட்டானுக்கு வாக்காளர் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ எடுத்துப் போங்கள். ஆதார் செல்லாது. எல்லையில் நின்று தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை நாளில் உள்ளூர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டு, அங்கே போய் உட்காருங்கள். பூட்டானில் பெரும்பாலும் அது வில்வித்தை மைதானமாக இருக்கும். இலக்குப் பலகை ஏறக்குறைய 145 மீட்டர் தூரத்தில், ஒரு சின்னப் புள்ளி போலத் தெரியும். எதிர் அணியினர் அதன் பக்கத்திலேயே நின்று எய்பவரைக் கிண்டல் செய்கிறார்கள். அம்பு பட்டுவிட்டால் எய்தவரின் அணி வரிசையாக நின்று பாடி, மெல்லக் காலெடுத்து ஆடுகிறது. பலமுறை படாமலே போகும். நான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் அம்பு பட்டது ஐந்தாறு தடவைதான். ஐந்தாறு தடவையும் முழுப் பாட்டையும் பாடினார்கள். அலுவலகத்தில் வேலை முடிந்தால் அடுத்த வேலையைத் திறப்பதே என் பழக்கம். ஒரு நல்ல காரியம் நடந்தால் நின்று அதைக் கொண்டாட நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை அந்தப் புல்வெளியில்தான் கற்றுக்கொண்டேன்.

போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகச் சொல்லும் இடத்துக்கு ஒருமுறையாவது போங்கள். பாரோ பள்ளத்தாக்கின் பாறை விளிம்பில், 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கும் தக்சங் மடம் அப்படிப்பட்டது. பௌத்த ஆசான் குரு ரின்போச்சே 8ஆம் நூற்றாண்டில் தியானம் செய்ததாக நம்பப்படும் குகையைச் சுற்றி 1692இல் கட்டத் தொடங்கிய மடம் இது. 1998இல் தீயில் எரிந்து, மறுபடி எழுப்பப்பட்டது. இரண்டு மூன்று மணி நேரம் ஏறிப் போனதும் வாசலிலேயே போன், கேமரா, பை எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிடுகிறார்கள். உள்ளே நெய்விளக்கு வாசனையும் குளிர்ந்த கற்தரையும். இன்று கண்ணை மூடினால் முழுசாகத் தெரியும் ஒரே இடம் அதுதான். அங்கே எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்டானின் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பில் 9 துறைகள், 33 குறியீடுகள். அவற்றில் ஒரு துறை முழுக்க நேரத்தைப் பற்றியது. ஒருவர் நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் குறை. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் அதுவும் குறை. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்கும் அரசுகளைத்தான் எனக்குத் தெரியும். சரியாகத் தூங்கினாயா என்றும் கேட்கும் அரசைப் பார்த்தபோது நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஊருக்கு வந்து ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். தூக்கம் ஆறு மணி நேரத்தைத் தொடவில்லை.

போகும் ஊரின் குளியலைக் குளித்துப் பாருங்கள். பின்லாந்தில் ஏறக்குறைய 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சானாக்கள். வீட்டில், அடுக்ககத்தில், ஏரிக்கரையில், எங்கும் இந்த நீராவி அறை உண்டு. காய்ந்த கல்மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு லோய்லூ என்று பெயர். சானாவுக்குரிய நாள் வழிவழியாகச் சனிக்கிழமை. கேட்டவுடன் தாத்தாவின் நினைவு வந்தது. சனிக்கிழமை நல்லெண்ணெயைத் தலை முழுக்கத் தேய்த்து, வெயிலில் மணைபோட்டு உட்கார்ந்திருப்பார். அன்று காலை அவரிடம் யாரும் எந்த வேலையும் சொல்லக்கூடாது. பின்லாந்துக்காரர்கள் அந்தச் சனிக்கிழமையை விடவில்லை. நாம்தான் தீபாவளிக்கு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டோம். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு.

பணம் செலவழிக்காமல் உட்காரக்கூடிய இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹெல்சிங்கியில் ஓடி நூலகம் 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு எதிரில் திறக்கப்பட்டது. அங்கே புத்தகத்தோடு தையல் மெஷினும் இருக்கிறது. ஒரு பெண், குழந்தையின் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சதுரங்கம். காட்டிலும் இதே கதைதான்: நிலம் யாருடையதாக இருந்தாலும், அதில் நடக்கவும் காட்டுப் பழமும் காளானும் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு.

சீட்டைப் பற்றிக் கேளுங்கள். இது ஒக்கினாவாவுக்கு. நாஹா நகரில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மாதத்தில் ஒரு மாலையை மட்டும் யாருக்கும் தர முடியாது என்றார். அன்று அவருக்கு 'மோஆய்'. பள்ளித் தோழிகள் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுகிறார்கள். முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார். அட, நம்ம சீட்டு! என் அத்தை பிடித்த சீட்டு, பக்கத்துத் தெரு அக்காவின் சீட்டு, எல்லாம் இதேதான். ஒரே வித்தியாசம், அவர்கள் பணம் போடும் நாளில் கட்டாயம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். யாராவது வரவில்லையென்றால் மறுநாள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். வங்கி வந்த பிறகு பணத்துக்காக இது அவசியமில்லை, தோழிகளுக்காக நடக்கிறது. ஒக்கினாவா முதியவர்களின் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாகற்காயையும் கடற்பாசியையும் சொல்வார்கள். கூடவே இந்த மாலையையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு சீட்டு தொடங்கியிருக்கிறோம். தொகை சின்னது, மாதம் 500 ரூபாய். இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறோம். மூட்டுவலியால் படியேற முடியாத கீழ்வீட்டுப் பாட்டியைப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி வருகிறார்கள். இந்த மாதப் பணம் அவருக்கு. கொழுக்கட்டை எங்கள் வீட்டில்.